இருபத்தைந்து எழுத்துகள் இல்லாத இதயங்கள்

2009 ஜனவரியில் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரின் உடலில், இதயத் தசையின் கட்டமைப்புப் புரதம் ஒன்றை உண்டாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன என்றது அக்கட்டுரை. அந்த எழுத்துகள் விடுபட்டவர்களுக்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு என்றும் சொன்னது. நூற்றுக்கு நான்கு என்பது துணைக்கண்டத்தின் மக்கள்தொகையில் பல கோடி. செய்தித்தாள்கள் அந்தப் பெருக்கலை உடனே செய்து முடித்தன. இந்தியர்களின் இதயம் பிறவியிலேயே பழுதுபட்டது என்கிற தொனியில் தலைப்புகள் வந்தன. அந்தத் தொனி தவறு. விடுபட்ட அந்த 25 எழுத்துகள் பெரும்பாலும் ஒரு வரலாற்று ஆவணம். இந்தத் துணைக்கண்டத்தில் யார் யாரோடு கலந்தார்கள், எப்போது கலப்பதை நிறுத்திக்கொண்டார்கள் என்பதற்கான சான்று அது. அதை நோயின் காரணமாக வாசித்தது அவசரம். உண்மையான ஆபத்து அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது, எண்ணிக்கையில் சிறியது, இனத்தையோ நாட்டையோ சாராமல் குடும்பங்களுக்குள் இருப்பது. இப்படிச் சொல்ல என்ன ஆதாரம் என்றால், அந்தப் புரதத்தின் கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

அது கண்டுபிடிக்கப்பட்டதே அழுக்காகத்தான். தசை சுருங்குவதற்கு இருவகை இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதே காரணம் என்பது 1950களில் தெரிந்துவிட்டது. தடித்த இழை மயோசினால் ஆனது, மெல்லிய இழை ஆக்டினால் ஆனது. அடுத்த இருபது ஆண்டுகள் ஆய்வகங்களின் கவனமெல்லாம் மயோசினைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பதில் இருந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோஜர் ஸ்டார், ஜெரால்ட் ஆஃபர் இருவரும் 1971இல், சுத்தம் என்று நம்பப்பட்ட மயோசினை மின்புலத்தில் ஜெல் வழியே ஓடவிட்டுப் பார்த்தார்கள். மயோசினுக்குரிய பட்டைகளோடு வேறு சில பட்டைகளும் தெரிந்தன. அவற்றுக்கு ஏ, பி, சி என்று வரிசையாக எழுத்துகளை இட்டார்கள். ‘சி’ பட்டையில் இருந்த புரதம் மயோசினோடு விடாமல் ஒட்டிக்கொண்டே வந்தது. 1973இல் அதைத் தனியே பிரித்து, தடித்த இழையின் புதிய உறுப்பு என்று அறிவித்தார்கள். இன்று அதன் முழுப்பெயர் மயோசின் பிணைப்புப் புரதம் சி. அந்த ‘சி’க்குப் பின்னால் இருப்பது ஒரு பட்டையின் வரிசை எழுத்து மட்டும்தான். இதயத்துக்கென்று இதன் தனி வடிவம் ஒன்று உண்டு. 1,274 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலி பதினொரு முடிச்சுகளாகச் சுருண்டிருக்கும். அதன் வால் பகுதி மயோசின் இழையைப் பற்றிக்கொள்கிறது. தலைப்பகுதி எதிரே இருக்கும் ஆக்டினை எட்டித் தொடுகிறது. தடித்த இழையின் ஒவ்வொரு பாதியிலும் 43 நானோமீட்டர் இடைவெளியில் ஏழு முதல் ஒன்பது வரிகளாக இது அமர்ந்திருக்கிறது. மயோசின் தலைகள் கண்டபடி பாய்ந்து ஆக்டினைப் பிடிக்காமல் இழுத்து நிறுத்துவது இதன் வேலை. அச்சத்திலோ ஓட்டத்திலோ அட்ரினலின் சுரக்கும்போது இப்புரதத்தின் மீது பாஸ்பேட் ஏறுகிறது, பிடி தளர்கிறது, இதயம் வலுத்துத் துடிக்கிறது. இந்தப் புரதம் போதிய அளவில் இல்லையென்றால் பிடி எப்போதும் தளர்ந்தே இருக்கும். இதயம் தேவைக்கு மீறி இறுகும், சரியாகத் தளராது, சுவர் தடிக்கும்.

அப்படித் தடித்த இதயங்களை மருத்துவம் முதலில் பிணவறையில்தான் தெளிவாகப் பார்த்தது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் நோய்க்கூற்றியலாளர் டொனால்ட் டியர் 1958இல் எட்டு இளவயதினரின் இதயங்களைப் பற்றி எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் திடீரென இறந்தவர்கள். இதயத்தின் இரு கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவர் ஒரு பக்கமாக, கட்டி போல் தடித்திருந்தது; தசை இழைகள் ஒழுங்கின்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. இரண்டே ஆண்டுகளில் இது குடும்பங்களில் வருவது புலப்பட்டது. 1961இல் கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பெருங்குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக இந்நோய் இறங்கி வந்திருப்பதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் போதும், பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும். அந்தக் குடும்பத்தை வைத்துத்தான் 1990இல் முதல் மரபணு பிடிபட்டது. அது மயோசினையே உண்டாக்கும் மரபணு. 1993இல் பாரிஸில் கெட்டி ஷ்வார்ட்ஸ் குழு, வேறு சில குடும்பங்களில் நோயின் இருப்பிடம் 11ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது. 1995இல் பாரிஸ் குழுவும், ஹியூ வாட்கின்ஸ் இடம்பெற்றிருந்த பாஸ்டன் குழுவும் அந்த இடத்தில் இருப்பது சி-புரதத்தின் மரபணு என்று ஒரே நேரத்தில் அறிவித்தன. இன்று மரபணு கண்டறியப்பட்ட இந்நோய்க் குடும்பங்களில் மிகப் பெரும் பங்கு இந்த ஒரு மரபணுவுக்கே. ஜெல்லில் அழுக்காகத் தெரிந்த பட்டை இருபத்து நான்கு ஆண்டுகளில் இதய மருத்துவத்தின் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்தக் கதைக்குள் மதுரை வருவது இங்கேதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் சி. ராஜமாணிக்கம், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையத்தின் இதய மருத்துவர்கள், ஜெர்மனியின் பாட் நௌஹைம் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையம் ஆகியோர் சேர்ந்து இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். 2003இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில்தான் அந்த 25 எழுத்துக் குறை முதலில் பேசப்பட்டது. அது மரபணுவின் புரதம் எழுதும் பகுதியில் இல்லை. இரண்டு எழுதும் பகுதிகளுக்கு இடையே உள்ள வெட்டி எறியப்படும் துண்டில், 32ஆம் இன்ட்ரானில் இருக்கிறது. அங்கே 25 எழுத்துகள் குறைந்தால் வெட்டி ஒட்டும் செல் இயந்திரம் சில நேரம் அடுத்த பகுதியையும் சேர்த்துத் தாண்டிவிடுகிறது. விளைவாக, மயோசினைப் பற்றிக்கொள்ள வேண்டிய வால் பகுதியே வேறு அமினோ அமிலங்களால் ஆனதாகிவிடுகிறது. பிடிக்கும் கையே மாறிப்போனால் புரதம் எப்படி இழையில் நிற்கும் என்று எவருக்கும் தோன்றும். அதே மதுரையில் பயின்ற பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் முதலியோர் இதைப் பெரிய அளவில் சோதிக்க முற்பட்டார்கள். முதல் சுற்றில் ஐந்து மடங்கு ஆபத்து, இரண்டாம் சுற்றில் எட்டு மடங்குக்கும் மேல், இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ ஏழு. தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று புள்ளியியல் சொன்னது.

ஆனால் அக்கட்டுரையின் இன்னொரு பாதிதான் வரலாற்றை நாடுபவருக்கு முக்கியம். இந்தியாவின் 107 மக்கள் குழுக்களிலிருந்து 6,273 பேரின் டிஎன்ஏவை அவர்கள் சோதித்தார்கள். அதற்கு மேல் 26 நாடுகளிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 25 எழுத்துக் குறை சாதி, பழங்குடி, மதம், மொழி என்ற எல்லைகளைப் பெரும்பாலும் மதிக்கவில்லை. திராவிட மொழி பேசுவோரிடமும் இருந்தது, இந்தோ-ஆரிய மொழி பேசுவோரிடமும் இருந்தது. வெளியே பார்த்தால் பாகிஸ்தான், இலங்கை, இந்தோனேசியா, மலேசியா ஆகிய இடங்களில் கிடைத்தது. மற்ற கண்டங்களில் சோதித்த மக்களிடம் கிடைக்கவில்லை. சுற்றியிருக்கும் மரபணுக் குறிகளின் தேய்மானத்தை வைத்து, இது தோன்றி ஏறக்குறைய 33,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். இந்த எண் கூடலாம் குறையலாம்; பெரிய படம் மாறாது. துணைக்கண்டத்தில் பயிர்த்தொழில் தொடங்குவதற்கு முன், சிந்துவெளி நகரங்களுக்கு முன், இன்று நாம் அறிந்த எந்த மொழிக் குடும்பமும் இங்கே உருப்பெறுவதற்கு முன், யாரோ ஒருவரின் உயிரணுவில் 25 எழுத்துகள் நழுவின. அந்த ஒருவரின் வழித்தோன்றல்கள் இன்று எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். சாதி என்பது ஆதியிலிருந்தே தனித்தனியாக வந்த இரத்தம் என்று வாதிடுவோருக்கு இதைவிட எளிய மறுப்பு அகப்படுவது அரிது. தீட்டு பார்த்துத் தெருவைப் பிரித்துக்கொண்ட இரு வீட்டாரும் அதே மூதாதையின் அதே நழுவலைச் சுமக்கிறார்கள்.

இத்தனை பழமையும் இத்தனை பரவலும் சேர்ந்தே ஒரு கேள்வியை எழுப்பியிருக்க வேண்டும். கொல்லும் பிழையொன்று ஆயிரம் தலைமுறைகளுக்கு மேல் தாங்கி, நூற்றில் நால்வரிடம் நிலைத்திருப்பது எப்படி? இதற்குக் கட்டுரையாளர்கள் விடை வைத்திருந்தார்கள். நோய் நடுவயதுக்குப் பிறகே வெளிப்படுகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன. ஆகவே இயற்கைத் தேர்வு அதைத் தொடவில்லை என்றார்கள். இளவயதில் செல் பழுதான புரதத்தை அழித்துவிடுகிறது, வயது ஏற ஏற அந்தத் துப்புரவு தளர்கிறது என்று ஒரு செயல்முறையையும் முன்வைத்தார்கள். மேம்போக்காகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. முதுமை நோய்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். ஆனால் இந்த நோய்க்குப் பொருந்துமா என்பதில் இடறல் இருக்கிறது. டியர் பார்த்த இதயங்கள் இளையோருடையவை. சி-புரத மரபணுவின் பிழைகள் மயோசின் பிழைகளைவிடத் தாமதமாக வெளிப்படுபவைதாம் என்றாலும், பதின்வயதிலும் இருபதுகளிலும் உயிர் பறிப்பவை அவற்றிலும் உண்டு. அதைவிட எளிய கணக்கு ஒன்று இருந்தது. தடித்த இதயத்தசை நோய் பொதுமக்களில் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. ஏழு மடங்கு ஆபத்தை அதன்மீது வைத்துப் பார்த்தாலும், குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றே கூடுதலானவர்தான் நோயாளி ஆவார். 98 பேருக்கு மேல் ஒன்றும் ஆகாது. பல கோடிப் பேரின் இதயம் பழுது என்ற தலைப்புக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஒரே பிழையைச் சுமக்கும் நூறு பேரில் ஒருவர் மட்டும் ஏன் நோயுறுகிறார் என்பதே அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்த ஒருவரிடம் வேறு ஏதோ இருந்தது.

அந்த வேறு ஏதோ கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் சக்திவேல் சடையப்பனின் குழு 2018இல், அமெரிக்காவில் வாழும் தெற்காசிய மரபினர் 2,401 பேரைச் சோதித்தது. அவர்களில் நூற்றுக்கு ஆறு பேரிடம் 25 எழுத்துக் குறை இருந்தது. அக்குறை உள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம், அதே மரபணுவில் 389ஆம் அமினோ அமிலத்தை மாற்றும் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருந்தது. எக்கோ பரிசோதனையில் இதயம் அளவுக்கு மீறி இறுகுவதன் அறிகுறி தெரிந்தது இரண்டும் உள்ளவர்களிடம்தான்; 25 எழுத்து மட்டும் குறைந்தவர்களின் இதயம் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. அடுத்து 2020இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த மறுஆய்வு முடிச்சை இன்னும் இறுக்கமாகப் பிடித்தது. 1995இல் பாஸ்டனில் இம்மரபணுவைக் கண்டவர்களில் ஒருவரான அதே வாட்கின்ஸ் அதில் பங்கேற்றார். 25 எழுத்துக் குறையைச் சுமக்கும் குரோமோசோம்களில் ஒரு சிறு பகுதியில் மட்டும், மரபணுவின் வேறோர் இன்ட்ரானில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ வந்திருந்தது. ஒரே எழுத்து. ஆனால் அந்த ஒற்றை எழுத்து வெட்டும் இயந்திரத்தைத் தவறான இடத்தில் வெட்ட வைக்கிறது. புரதம் பாதியில் நின்றுபோகிறது. நோயாளிகளிடம் காணப்பட்ட கூடுதல் ஆபத்து முழுவதும் இந்த இரண்டும் சேர்ந்த குரோமோசோமால் விளங்கிவிட்டது. அதை விலக்கிவிட்டுப் பார்த்தால் 25 எழுத்துக் குறைக்கென்று தனி ஆபத்து எதுவும் மிஞ்சவில்லை. ஊரே நீலச் சட்டை போடும் ஒரு கூட்டத்தில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் திருடினான் என்பதற்காக நீலச் சட்டைகளையெல்லாம் பிடித்து அடைத்தது போன்ற காரியம் 2009இல் நடந்திருந்தது.

இதை ஏற்காதவர்கள் இரண்டு தடைகளை எழுப்பலாம். ஆய்வகத்தில் வளர்த்த இதயச் செல்களுக்குள் மாறிய புரதத்தைச் செலுத்தியபோது இழைகளின் ஒழுங்கு குலைந்ததே, அது பொய்யா என்பது முதலாவது. பொய் இல்லை. ஆனால் கண்ணாடித் தட்டில் ஒரு புரதத்தை மிகுதியாகத் திணித்துப் பார்ப்பதும், மனித இதயத்தில் அது எவ்வளவு உருவாகிறது என்பதும் வேறு வேறு. இம்மரபணுவின் பெரும்பாலான பிழைகளில் நோய்க்குக் காரணம் நஞ்சான புரதம் தேங்குவதைவிட நல்ல புரதம் குறைந்துபோவதுதான். பாதியில் நின்ற புரதம் நோயாளியின் இதயத் திசுவில் அகப்படுவதே இல்லை. செல் அதை அழித்துவிடுகிறது, மிஞ்சிய ஒரு பிரதி மட்டும் போதாமல் போகிறது. இரண்டாவது தடை இன்னும் பொதுவானது: தெற்காசியர்களுக்கு இதய நோய் அதிகம் என்பது உலகறிந்த உண்மையாயிற்றே, அதற்கு இப்படி ஒரு மரபுக் காரணம் இருக்கத்தானே வேண்டும்? இங்கே இரண்டு நோய்கள் குழம்புகின்றன. தெற்காசியர்களிடம் இளவயதிலேயே மிகுந்து காணப்படுவது இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் அடைபடும் நோய். சர்க்கரை, கொழுப்பு, புகை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றோடு பின்னியது அது. சி-புரதம் சம்பந்தப்பட்டது தசையின் நோய். பல கோடிப் பேர் என்கிற பெரிய எண் அத்தனை எளிதாக நம்பப்பட்டதற்கு, ஒன்றின் அச்சம் மற்றதன்மேல் ஏறியதும் ஒரு காரணம் என்றே நினைக்கத் தோன்றுகிறது. தண்டபாணி குழுவைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் கண்ட தொடர்பு உண்மை. அன்றைய கருவிகள் மரபணுவின் இன்ட்ரான்களை முழுதாக வாசிக்கும் அளவுக்கு மலிவாக இருக்கவில்லை. அவர்களுடைய கட்டுரை இல்லாமல் 2018உம் 2020உம் இல்லை.

பழைய குறை நிரபராதி என்பதால், தமக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கமும் நிரபராதி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதே மரபணு உலகின் பல இடங்களில் அந்த வழக்கத்தின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறது. ஐஸ்லாந்தில் தடித்த இதயத்தசை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் சுமப்பது சி-புரத மரபணுவின் ஒரே பிழையை. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு மூதாதையிடம் அது சென்று சேர்கிறது. கடல் சூழ்ந்த தீவு, சிறிய மக்கள்தொகை, வெளியிலிருந்து வருவோர் குறைவு. நெதர்லாந்தில் நோயாளிகளில் ஏறத்தாழக் கால் பங்கினர் ஓர் எழுத்து கூடுதலாகச் செருகப்பட்ட ஒரே பிழையைச் சுமக்கிறார்கள். அங்கே கடல் வேலியாகவில்லை, மதமும் ஊர்ப்பற்றும் வேலியாயின. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆமிஷ் சமூகத்தின் கதை இன்னும் கொடியது. 18ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவிலிருந்து வந்த சிறு குழுக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். சமயக் கட்டுப்பாட்டால் தமக்குள்ளேயே மணம் முடிப்பவர்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பிழையைப் பெற்ற குழந்தைகளின் இதயம் பிறந்த சில மாதங்களிலேயே செயலிழந்ததை 2008இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஒரு பிரதியைச் சுமக்கும் பெற்றோர் பெரும்பாலும் அறிகுறி ஏதுமின்றி நடமாடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குழந்தை பிழைப்பது அரிது. மனிதர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அழகுக்காகப் பூனை வளர்ப்போரின் தொழிலிலும் இதே மரபணுவே அகப்பட்டது. மெய்ன் கூன் இனத்தில் 2005இலும், ராக்டால் இனத்தில் 2007இலும், சி-புரதத்தின் இருவேறு பிழைகள் இதயம் தடிக்கக் காரணம் என்று தெரியவந்தது. இனத் தூய்மைக்கென்று சில நல்ல ஆண் பூனைகளையே திரும்பத் திரும்பச் சேர்த்ததன் விலை அது.

துணைக்கண்டத்தில் மணத்துக்கான இந்த வேலி எப்போது எழுந்தது? தங்கராஜ், டேவிட் ரைக் முதலியோர் நடத்திய மரபணு ஆய்வுகள் 2013இல் தந்த விடை, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே மக்கள் தாராளமாகக் கலந்தார்கள் என்பது. பிறகு கலப்பு மெல்ல அடைபட்டது. அப்படியானால் 33,000 ஆண்டுப் பழமையுள்ள 25 எழுத்துக் குறை பெரும்பாலான குழுக்களில் பரவியிருப்பதில் வியப்பில்லை: அது பரவ நேரமும் இருந்தது, தடையும் இருக்கவில்லை. வேலி எழுந்தபின் தோன்றிய, அல்லது வேலி எழும்போது ஒரு குழுவுக்குள் தற்செயலாகச் சிக்கிய பிழைகளுக்கு அந்த வாய்ப்பில்லை. அவை வேலிக்குள்ளேயே பெருகின. 2017இல் 260க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்ததில், 81 குழுக்களில் இந்தச் சிக்கல் ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட வலுவாக இருப்பது தெரிந்தது. வைசியர் சமூகத்தில் அறுவைச் சிகிச்சையின்போது தசை தளர்த்தும் மருந்தை உடைக்கும் நொதி குறைவாக இருப்பது நெடுநாளாகத் தெரிந்த எடுத்துக்காட்டு. அதற்குக் காரணமான பிழையைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு 2006இல் எழுதியது. பொதுமக்களைவிட நூறு மடங்கு அளவில் அது அங்கே மிகுந்திருக்கிறது. சாதி வேலியின் உண்மையான மருத்துவ வரலாறு இத்தகைய குறுகிய, குழுவுக்குரிய பிழைகளில் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான பழங்குறையில் அதைத் தேடியது வீண்.

சாதிக்குள் மணம் என்பதும் சொந்தத்துக்குள் மணம் என்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஐஸ்லாந்திலோ நெதர்லாந்திலோ மாமன் மகளைக் கட்டும் வழக்கம் கிடையாது. ஆனாலும் பிழை குவிந்தது. தமிழ்நாட்டில் இரண்டுமே உண்டு. மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று முறைப்பெண் தேடும் வழக்கம் குறைந்து வருகிறதென்றாலும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் இரத்த உறவுக்குள் நடந்தவை. நாட்டின் சராசரி 11 சதவீதம். ஒரு பிரதி போதும் நோய் வர என்றால், சொந்தத்தில் மணப்பதால் அந்த ஒரு பிரதி இறங்கும் வாய்ப்பு கூடுவதில்லை. கூடுவது இரண்டு பிரதிகள் சேரும் வாய்ப்பு. நூறு பேரில் நால்வர் சுமக்கும் ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். அந்நியத்தில் மணந்தால் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 2,500இல் ஒன்றுக்கு இரு பிரதியும் சேரும். மாமன் மகளை மணந்தால் 600இல் ஒன்றுக்கு. அக்காள் மகளை மணந்தால் 350இல் ஒன்றுக்கு. மாற்றம் அரிதாக இருக்க இருக்க இந்த வித்தியாசம் இன்னும் பெருகும். ஆமிஷ் குழந்தைகளுக்கு நேர்ந்தது அதுதான். ‘எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக அக்காள் மகளைத்தான் கட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். 350 பிள்ளைகளில் 349 பேரின் குடும்பம் அப்படிச் சொல்ல முடியும். அதனால் ஒட்டுமொத்தமாக அவ்வழக்கத்தைச் சபிப்பதும் சரியில்லை, அந்த ஒரு குடும்பத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சரியில்லை.

2009இன் தலைப்புகள் இன்னொரு ஆபத்துக்கும் வழி வைத்தன. ஒரு நாட்டு மக்களுக்கே பொதுவான அடையாளத்தை நோயாக அறிவித்தால், அதை மணப் பொருத்தத்தில் பார்க்கச் சொல்லும் கடைகள் பின்தொடர்ந்து வரும். ஆயுள் காப்பீட்டுக்காரரும் வருவார். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குச் செய்துதரப்படும் மரபணுச் சோதனையின் அறிக்கையில் இந்த 25 எழுத்துக் குறை இருப்பதாக வந்தால், அதை மட்டும் வைத்து ஒருவரை இதய நோயாளி என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் ஆதாரமில்லை. கேட்க வேண்டிய கேள்வி, கூடவே அந்த ஒற்றை எழுத்து மாற்றமோ வேறு உறுதியான பிழையோ இருக்கிறதா, எக்கோவில் சுவர் தடித்திருக்கிறதா என்பது. மறுபக்கம், உறுதியான பிழை உள்ள குடும்பத்தில் காத்திருக்கக் காரணமே இல்லை. நோய் கண்டவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதைச் சுமக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. கண்டறிந்தால் கண்காணிக்க முடியும், தேவையானவருக்கு மின்னதிர்வுக் கருவி பொருத்த முடியும். 2022 முதல் மயோசினின் மிகை இறுக்கத்தையே தளர்த்தும் மருந்தும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. சாதிச் சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களைவிட, வீட்டில் நாற்பது வயதுக்குள் காரணம் தெரியாமல் மயங்கி விழுந்து இறந்தவர் யாராவது உண்டா என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வைப்பது பயன் தரும். அப்படி ஒருவர் இருந்திருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் போங்கள். ஓர் இசிஜியும் ஓர் எக்கோவும் எடுக்கச் சொல்லுங்கள். உடன்பிறந்தோரையும் கூட்டிச் செல்லுங்கள்.